ராத்திரி 10 மணிக்கு போட்ட பேக்கப் மத்தியானம் ஒரு மணிக்கு முடியுது – 11 எம்பியைத் தாண்ட மாட்டேங்குது

செக்காலை ஸ்டூடியோ | ஞாயிறு இரவு 9:20

காரைக்குடியில கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிறோம். பழைய நகரத்தார் வீடு ஒண்ணோட முகப்பை மட்டும் வாடகைக்கு எடுத்து ஸ்டூடியோ வச்சிருக்கோம். எடிட்டிங் கம்ப்யூட்டர் ரெண்டும் முகப்புல. பேக்கப்புக்கான நாஸ் பெட்டி (நெட்வொர்க்ல மாட்டுற டிஸ்க் பெட்டி) மூணாம் கட்டுல, பழைய சாமான் அறையில. முன்னால திருடு போனாலும் தீப்பிடிச்சாலும் பின்னால இருக்கிறது தப்பிக்கும்னு ஒரு கணக்கு. வீடு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுது, அதனால நடுவுல 70 மீட்டர் கேபிள் ஓடுது.

கம்பியெல்லாம் சேர்ற நெட்வொர்க் சுவிட்ச் கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்). நாஸும் கிகாபிட். கம்ப்யூட்டர்ல லிங்க் ஸ்பீடு 1000னு காட்டுது. ஆனா பேக்கப் ஓடும்போது நொடிக்கு 11.3 எம்பி, அதுக்கு மேல ஒரு புள்ளி ஏறாது. இந்த ஆவணியில ஒரே வாரக் கடைசியில மூணு கல்யாணம், மொத்தம் 600 ஜிபி. ராத்திரி 10 மணிக்குப் போட்டு விட்டா மறுநாள் மத்தியானம் ஒரு மணி வரைக்கும் ஓடுது. காலைல பசங்க வந்து எடிட்டிங் ஆரம்பிச்சா எல்லாம் சேர்ந்து இழுக்குது.

கடையில கேட்டேன். நாஸ் பழசாயிருச்சு, புதுசா மாத்துங்கன்னு 45 ஆயிரம் சொல்றாங்க. மாத்தலாமா?

தேவகோட்டை கம்பி | ஞாயிறு இரவு 9:41

45 ஆயிரத்தைப் பத்திரமா வச்சுக்க தம்பி.

11.3னு எண்ணைச் சொன்னதுமே பாதி விடை வந்துருச்சு. 100 மெகாபிட்டை எட்டால வகுத்தா 12.5 எம்பி. போக்குவரத்துக் கழிவு போக 11 சொச்சம் நிக்கும். கிகாபிட்டா இருந்தா 110 பக்கத்துல நிக்கணும். உன்னோட லைன்ல ஏதோ ஒரு துண்டு 100ல ஓடுது. சரியா பத்துல ஒரு பங்கு வந்தா டிஸ்க்கையும் நாஸையும் சந்தேகப்படாதே, கம்பியைப் பாரு.

கம்ப்யூட்டர்ல 1000னு காட்டுறது அங்கேருந்து சுவிட்ச் வரைக்கும்தான். சுவிட்சுலேர்ந்து நாஸ் வரைக்கும் என்ன ஓடுதுன்னு அதுக்குத் தெரியாது. நாஸோட அட்மின் பக்கத்துக்குள்ள போய் லேன் வேகம் என்னன்னு பாத்துச் சொல்லு.

பள்ளத்தூர் பைட் | ஞாயிறு இரவு 10:05

ஜம்போ பிரேம் போடுங்க சார். ஒரு பாக்கெட்டோட உச்ச அளவை, அதான் எம்டியூ, 1500 பைட்லேர்ந்து 9000 ஆக்குங்க. நம்ம ஆபீஸ்ல அப்படித்தான்.

தேவகோட்டை கம்பி | ஞாயிறு இரவு 10:12

கிகாபிட்ல ஜம்போ போட்டு எல்லாம் கச்சிதமா அமைஞ்சா 941 மெகாபிட் 989 ஆகும். நூத்துக்கு அஞ்சு. இவருக்குக் குறையிறது பத்து மடங்கு. அதோட வழியில உள்ள ஒவ்வொரு பெட்டியும் 9000க்கு ஒத்துக்கணும், ஒண்ணு முரண்டு பிடிச்சா பாக்கெட்டு பாதியிலயே தொலையும். அதை அப்புறம் பாக்கலாம்.

செக்காலை ஸ்டூடியோ | திங்கள் காலை 11:30

அண்ணே, இப்பத்தான் பின்கட்டுக்குப் போய் நாஸை ஆன் பண்ணிப் பாத்தேன். லேன் வேகம் 1000னு காட்டுது. ஒரு 40 ஜிபி வீடியோவை அனுப்பிப் பாத்தேன், 108 எம்பியில பறக்குது! ஒண்ணும் புரியல. எதையும் நான் தொடவே இல்ல.

பள்ளத்தூர் பைட் | திங்கள் காலை 11:52

ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிரும்னு அப்பவே நினைச்சேன்.

கோவிலூர் டீச்சர் | திங்கள் மத்தியானம் 1:15

சரியாகவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறது. நான் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்க்கிறவள். பகலில் ஒழுங்காக இருந்துவிட்டு வேலை நேரத்தில் மக்கர் செய்யும் நெட்வொர்க்கை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்று இரவு வழக்கம் போல விடுங்கள், ஆனால் பேக்கப் ஆரம்பிப்பதற்கு முன் ஐபெர்ஃப்3 ஓட்டிப் பாருங்கள். இலவசம்தான். நாஸில் ஒரு பக்கம், கம்ப்யூட்டரில் மறுபக்கம். அது டிஸ்க்கைத் தொடாமல், நினைவகத்திலிருந்தே வெறும் தரவை அனுப்பிக் கம்பியை மட்டும் அளக்கும். கோப்பை காப்பி செய்து பார்த்தால் டிஸ்க், ஆன்டிவைரஸ், கம்பி மூன்றின் குறையும் ஒரே எண்ணில் கலந்து வந்துவிடும்.

நாஸை எப்போது ஆன் செய்வீர்கள்?

செக்காலை ஸ்டூடியோ | திங்கள் இரவு 10:20

டீச்சர், நாஸ் ராத்திரி 9:45க்குத் தானா ஆன் ஆகும். பேக்கப் முடிஞ்சதும் தானா அணைஞ்சுரும். கரண்டு மிச்சம்னு அப்படி வச்சது.

இப்ப ஐபெர்ஃப் பாத்தேன். 94.1 மெகாபிட். அட்மின் பக்கமும் 100னுதான் காட்டுது. காலைல 1000, ராத்திரி 100. பேய் பிடிச்ச கேபிளா இது?

பினாங்கு பேரன் | திங்கள் இரவு 10:37

வோல்டேஜா இருக்குமோ? எங்க கானாடுகாத்தான் வீட்டுல ராத்திரியானா பேன் சுத்துறதே வேற மாதிரி இருக்கும்.

தேவகோட்டை கம்பி | திங்கள் இரவு 10:44

வோல்டேஜ் இறங்கினா பெட்டி அணையும், லிங்க் நூறுக்கு இறங்காது.

தம்பி, 100 மெகாபிட்டுக்கு எட்டு கம்பியில நாலு போதும். 1, 2, 3, 6. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி. கிகாபிட்டுக்கு எட்டும் வேணும். நீலத்துலயோ பிரவுன்லயோ ஒரு கம்பி அந்துபோனா ரெண்டு பெட்டியும் கிகாபிட்டுக்கு முயற்சி பண்ணி முடியாம 100க்கு இறங்கி உக்காந்துக்கும். (எல்லா போர்ட்டும் இப்படி நல்ல பிள்ளையா இறங்காது, சிலது லிங்கே கிடைக்காம மினுக்கிக்கிட்டே இருக்கும்.) வேலை நடக்கும், ஆனா ஆமை மாதிரி. யாருக்கும் சந்தேகம் வராது, ஏன்னா எல்லாம் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு.

ராத்திரி 9:45க்கும் பகல் 11:30க்கும் நடுவுல அந்த வீட்டுல என்ன மாறுதுன்னு யோசி. கேபிள் போற வழியெல்லாம் நடந்து பாரு. டார்ச்சு எடுத்துக்க.

செக்காலை ஸ்டூடியோ | செவ்வாய் காலை 7:05

அண்ணே. கதவு.

முகப்பையும் வளவையும் தாண்டி ரெண்டாம் கட்டுக்குப் போற இடத்துல ஒரு நிலைக்கதவு இருக்கு. பர்மா தேக்கு, ஒரு கையால தள்ளினா அசையாது. பின்கட்டுல வீட்டுக்கார ஆச்சி தனியா இருக்காங்க. ஒன்பதரை ஆனா அந்தக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுருவாங்க, காலைல அஞ்சரைக்குத்தான் திறப்பாங்க. மூணு வருசம் முன்னாடி கேபிள் இழுத்தவர், சுவத்துல ஓட்டை போட ஆச்சி சம்மதிக்கலன்னு, கீல் பக்கத்து இடுக்குல நுழைச்சு விட்டுட்டார். கதவு திறந்திருக்கும்போது கேபிள் தளர்வா தொங்குது. சாத்தினா நசுங்குது.

நேத்து ராத்திரி ஆச்சியைக் கெஞ்சி ரெண்டு தடவை திறந்து மூடச் சொன்னேன். "என்னப்பா, கதவுல கூடவா கம்ப்யூட்டர் இருக்கு?"ன்னாங்க. பக்கத்துக் கடையில கேபிள் டெஸ்டர் இரவல் வாங்கி ரெண்டு பக்கமும் மாட்டினேன். கதவு திறந்திருந்தா ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் வரிசையா பச்சை மின்னுது. மூடினா ஆறுக்கு அப்புறம் நேரா எட்டு. ஏழு இல்ல. வெளித் தோல்ல நகம் பட்ட மாதிரி ஒரு தழும்பு, அவ்வளவுதான். ஒம்பதரைக்குக் கதவு மூடுது, 9:45க்கு நாஸ் முழிக்குது. முழிக்கிறப்பவே ஏழாம் கம்பி செத்துக் கிடக்கு. அப்ப 100ல உக்காந்தது, காலைல கதவு திறந்தாலும் பேக்கப் முடியிற வரைக்கும் அங்கேயே கிடக்கு.

தேவகோட்டை கம்பி | செவ்வாய் காலை 7:30

ஏழு, வெள்ளை பிரவுன். சொன்னேன்ல.

அந்த இடத்துல வெட்டி ஒட்டுப் போடாதே. அந்தக் கேபிளையே தூக்கி எறி. அதுக்கு முன்னாடி ஒரு கம்பி முனையை பிளேடால சுரண்டிப் பாரு. உள்ள வெள்ளையா இருந்தா அலுமினியத்துல செம்பு பூசினது. அது மடங்கினா முறியும், 70 மீட்டருக்கு ஆகாது. முழுச் செம்பு கேட் 6 கேபிள்னு கேட்டு வாங்கு. பெட்டியை கையில தூக்கிப் பாத்தாலே வித்தியாசம் தெரியும், செம்பு கனக்கும்.

சுவத்தைக் குடையாதே. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சாந்து, ஒரு இடத்துல டிரில் வச்சா பாளம் பாளமா வரும். நிலைக்கு மேல வெண்டிலேட்டர் இருக்கும் பாரு, அதுவழியா ஏத்து.

பள்ளத்தூர் பைட் | செவ்வாய் காலை 9:10

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? மெஷ் வைஃபை வாங்கிப் போடலாமே.

செக்காலை ஸ்டூடியோ | செவ்வாய் காலை 9:22

போன வருசம் ஒண்ணு வாங்கி மாட்டினேன் சார். முகப்புல நாலு கோடு சிக்னல், வளவுல ரெண்டு, மூணாம் கட்டுல பூஜ்யம். ரெண்டு அடிச் சுவரு.

கோவிலூர் டீச்சர் | செவ்வாய் காலை 10:40

வைஃபையில் ஒரே சேனலை எல்லாக் கருவிகளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். 600 ஜிபி நகர்த்தும் வேலைக்குக் கம்பிதான்.

செக்காலை ஸ்டூடியோ | வெள்ளி இரவு 11:15

புதுக் கேபிள் போட்டாச்சு. கதவு மூடியிருக்கும்போது ஐபெர்ஃப் 940. வீடியோ எல்லாம் 110 எம்பியில போகுது. முறுக்கு பார்சல் யார் யாருக்கு அனுப்பணும்னு விலாசம் சொல்லுங்க.

ஆனா ஒரு சங்கதி. வீடியோ முடிஞ்சு போட்டோ போல்டருக்கு வந்ததும் 5 எம்பிக்கு விழுந்துருச்சு. சில நேரம் 2. கம்பி இப்ப நல்லாத்தானே இருக்கு?

கோவிலூர் டீச்சர் | சனி காலை 6:50

கம்பி நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் போல்டரில் எத்தனை கோப்புகள்?

செக்காலை ஸ்டூடியோ | சனி காலை 8:15

மூணு லட்சத்துக்கு மேல. எடிட்டிங் சாப்ட்வேர் போடுற பிரிவியூ (சின்ன முன்னோட்டப் படம்) எல்லாம் அதுக்குள்ளதான். ஒவ்வொண்ணும் 30, 40 கேபி.

கோவிலூர் டீச்சர் | சனி காலை 9:30

அதுதான். கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒரு லட்சம் வைக்கிறார், இன்னொருவர் 101 வைக்கிறார். பெயர், ஊர், இன்னாருடைய மகன், தொகை என்று எழுத இருவருக்கும் ஒரே நேரம்தான் ஆகும். லட்சம் வைக்கிறவர்கள் வரிசையில் வந்தால் பெட்டி சீக்கிரம் நிறையும். 101 காரர்கள் ஆயிரம் பேர் வந்தால் விடிந்துவிடும்.

பகிர்ந்த போல்டரில் கோப்பை எழுதும்போதும் இதே கதை. திற, இடம் பிடி, எழுது, தேதி போடு, மூடு என்று ஒவ்வொரு கோப்புக்கும் போய்வரவேண்டிய செய்திகள் இருக்கின்றன. 40 ஜிபி வீடியோவுக்கு இந்தச் சடங்கு ஒருமுறை. 40 கேபி பிரிவியூவுக்கும் ஒருமுறை. அதோடு டிஸ்க்கின் ஊசி ஒவ்வொரு சின்னக் கோப்புக்கும் இடம் தேடி நகர வேண்டும், ஆன்டிவைரஸ் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் கேள்வி, பிரிவியூ பேக்கப்பில் எதற்கு? அசல் படமும், எடிட்டிங் விவரம் இருக்கும் கேட்டலாக் கோப்பும் இருந்தால் சாப்ட்வேர் அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். விலக்கிவிடுங்கள். உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி அதிலேயே போய்விடும்.

மீதிக்கு ரோபோகாப்பி என்ற கோப்பு நகலெடுக்கும் கட்டளை. விண்டோஸிலேயே இருக்கிறது. எம்டி என்ற தெரிவில் 16 கொடுத்தால் பதினாறு மேசை போட்டு மொய் எழுதுவதுபோல ஒரே நேரத்தில் பதினாறு கோப்புகளை அனுப்பும். எண் கொடுக்காமல் எம்டி மட்டும் போட்டால் 8. 128 வரை போகலாம், ஆனால் சுழலும் டிஸ்க்கில் போகாதீர்கள். மேசை எத்தனை போட்டாலும் பணத்தை எண்ணிப் பெட்டியில் வைக்கிறவர் ஒருவர்தானே, அந்த ஊசி. எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு மூன்றையும் ஓட்டிப் பார்த்து எது வேகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

புதுவயல் மில்லு | சனி காலை 10:20

உள்ள வர்றதுக்கு மன்னிக்கணும். ரோபோகாப்பின்னு கேட்டதும் கை நடுங்குது. நான் அரிசி மில்லுல கணக்கு பாக்குறவன். அதுல மிர்னு ஒரு தெரிவு இருக்கு, கண்ணாடி மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணா வச்சிருக்கும்னாங்க. சந்தோசமா போட்டேன். ஒருநாள் சாயங்காலம் எங்க பையன் ஒரு வருசக் கணக்கு போல்டரைத் தெரியாம அழிச்சுட்டான். யாரும் கவனிக்கல. ராத்திரி கண்ணாடி தன் வேலையைச் செஞ்சது. பேக்கப்புலயும் அந்த போல்டர் இல்ல. எவ்வளவு வேகமா அழிச்சதுன்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க.

கோவிலூர் டீச்சர் | சனி காலை 10:48

ஐயா சொன்னது ரொம்ப முக்கியம். மிர் போட்டால் மூலத்தில் இல்லாததை அங்கேயும் அழித்துவிடும், அதற்குப் பெயர் பேக்கப் இல்லை. ஸ்டூடியோ தம்பி, உங்கள் நாஸில் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைப்பது) வசதி இருந்தால் தினமும் ஒன்று எடுத்து முப்பது நாள் வைத்திருங்கள். மாறிய பகுதிக்கு மட்டும்தான் இடம் பிடிக்கும். நாஸை கம்ப்யூட்டரில் ஒரு டிரைவ் எழுத்தாக எப்போதும் மாட்டியும் வைக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டும்.

புதுவயல் மில்லு | சனி காலை 11:05

வந்ததுதான் வந்தேன், என் குறையையும் கேட்டுருங்க. எங்க நாஸ்ல போன மாசம் புது டிஸ்க் போட்டோம். முதல் 20 நிமிசம் 100 எம்பிக்கு மேல ஜோரா போகுது, அப்புறம் 20க்கு விழுது. ஒரு மணி நேரம் சும்மா விட்டுட்டு மறுபடி போட்டா மறுபடி 100. கம்பி எல்லாம் பாத்தாச்சு, எட்டும் மின்னுது.

தேவகோட்டை கம்பி | சனி காலை 11:30

அண்ணே, அது கம்பி இல்ல, டிஸ்க்கோட ஜாதகம். எஸ்எம்ஆர் டிஸ்க்கா இருக்கும். நம்ம ஊர் வீடுகள்ல நாட்டு ஓடு வேய்ஞ்சிருக்கும் பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணு பாதி ஏறி. அதே மாதிரி தடத்து மேல தடம் ஏத்தி எழுதி இடத்தை மிச்சம் பிடிக்கிறாங்க. நடுவுல ஒரு ஓட்டை மாத்தணும்னா மேல உள்ள வரிசையை எல்லாம் பிரிச்சுத் திரும்ப வேயணும்ல? அந்த வேலையைத் தள்ளிப்போட ஒரு திண்ணை மாதிரி கொஞ்சம் இடம் ஒதுக்கி வச்சிருக்கு. முதல்ல வர்றதை எல்லாம் வேகமா அங்க இறக்கிக்கும். திண்ணை நிறைஞ்சதும்தான் வண்டவாளம் தெரியும். சும்மா விட்டா உள்ள எடுத்து அடுக்கிக்கிட்டு மறுபடி தயாராகும். அதான் உங்களுக்கு ஒரு மணி நேரம் கழிச்சு 100 வருது.

நாஸ் டிஸ்க்குன்னு வித்ததுலயே இது இருக்குன்னு 2020லதான் வெளிய வந்துச்சு, பெரிய சண்டையும் ஆச்சு. இப்ப மாடல் எண்ணை வச்சுத் தேடினா எஸ்எம்ஆரா, இல்ல தடத்து மேல தடம் ஏத்தாத சிஎம்ஆரான்னு தெரியும். பில் இருந்தா மாத்திக்கப் பாருங்க. சிஎம்ஆர்னு கேட்டு வாங்குங்க.

பினாங்கு பேரன் | சனி இரவு 8:40

இதைக் கேட்டதும் எனக்கும் ஒரு கேள்வி. எங்க ஐயா வீட்டுப் பெட்டகத்துல இருந்த பழைய கணக்கு ஏடு, கடுதாசி எல்லாம் ஸ்கேன் பண்ணி 4 டிபி ஆயிருக்கு. கானாடுகாத்தான்லேர்ந்து ஆன்லைன்ல ஏத்தி வைக்கலாம்னு பாத்தா வாரக் கணக்குல சொல்லுது. அப்லோடு 20 மெகாபிட். ஏதாவது அமுக்கி அனுப்ப முடியுமா?

தேவகோட்டை கம்பி | சனி இரவு 9:02

20 மெகாபிட்னா நொடிக்கு 2.5 எம்பி. ஒரு டிபிக்கே நாலரை நாள் ஆகும், அதுவும் கரண்டு போகாம இருந்தா. 4 டிபிக்கு பதினெட்டு நாளுக்கு மேல. ஜேபெக் ஏற்கெனவே அமுக்கினது, திரும்ப அமுக்கினா பிராசஸர் சூடாகும், அளவு குறையாது. அமுக்காத டிஃப் படமா வச்சிருந்தா மட்டும் பலன் இருக்கும்.

முதல் தடவை டிஸ்க்குல காப்பி எடுத்து விடியக்காலை பல்லவன்ல ஏறி சென்னையில யார் வீட்டுலயாவது வச்சுரு. ரயில் ஏழு மணி நேரம்னு வச்சுக்க. 4 டிபியை அதால வகுத்துப் பாரு, நொடிக்கு 158 எம்பி. ஸ்டூடியோ தம்பி போட்ட புதுக் கேபிளை விட பல்லவன் வேகம். அப்புறம் தினமும் புதுசா சேர்றதை மட்டும் அந்த 20 மெகாபிட்ல அனுப்பு.

கோவிலூர் டீச்சர் | சனி இரவு 9:35

ஏட்டை எல்லாம் ஸ்கேன் செய்தது நல்ல காரியம். பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த புத்தகங்களை அவர் மறைவுக்குப் பிறகு 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே நூலகமாக வைத்து, பக்கம் பக்கமாக மைக்ரோஃபிலிம் எடுத்தார்கள். அந்த வேலையின் வேகத்தோடு பார்த்தால் உங்கள் பதினெட்டு நாள் கண்ணிமைக்கும் நேரம். அசல் ஏடுகளை மட்டும் ஸ்கேன் ஆகிவிட்டதே என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பினாங்கு பேரன் | சனி இரவு 9:50

ஐயோ, இல்ல. பெட்டகத்துலயே திரும்ப வச்சு வசம்பும் போட்டு வச்சிருக்கோம்.

செக்காலை ஸ்டூடியோ | செவ்வாய் காலை 8:30

நிலவரம். பிரிவியூவை விலக்கினேன். பேக்கப் போல்டருக்கு ஆன்டிவைரஸ் நிகழ்நேரச் சோதனையை நிறுத்திட்டு ஞாயிறு மத்தியானம் மொத்தமா ஒரு ஸ்கேன் வச்சுட்டேன். 8, 16, 32 மூணும் ஓட்டினேன். 16க்கு மேல ஒரு மாத்தமும் இல்ல, 32ல கொஞ்சம் குறைஞ்சுது, டீச்சர் சொன்ன மாதிரியே. மிர் போடல. ஸ்னாப்ஷாட் முப்பது நாள்.

இந்த வாரக் கடைசி ரெண்டு கல்யாணம், 410 ஜிபி. நேத்து ராத்திரி பத்துக்கு ஆரம்பிச்சு 11:25க்கு முடிஞ்சு நாஸ் தானா அணைஞ்சுருச்சு. முன்னாடியா இருந்தா பத்து மணி நேரம்.

ஒரு நாள் ராத்திரி ஆச்சி போன் பண்ணினாங்க. "தம்பி, உள்ள அந்தப் பெட்டி சத்தமே காணோம், செத்துப்போச்சா?"ன்னு. மூணு வருசமா அது விடிய விடிய ஓடுற சத்தத்துலயே தூங்கிப் பழகிட்டாங்களாம்.

பள்ளத்தூர் பைட் | செவ்வாய் காலை 9:00

இப்ப ஜம்போ பிரேம் போடலாம்ல?

தேவகோட்டை கம்பி | செவ்வாய் காலை 9:04

85 நிமிசம் 81 ஆகும். போட்டுக்கங்க.

தம்பி, வெண்டிலேட்டர்ல அணில் கூடு கட்டியிருக்கான்னு பாத்தியா?

செக்காலை ஸ்டூடியோ | செவ்வாய் காலை 9:20

ஒண்ணு இருக்கு அண்ணே. ஆச்சி கலைக்க விட மாட்டேங்கிறாங்க.

தேவகோட்டை கம்பி | செவ்வாய் காலை 9:22

கேபிளை பைப்புக்குள்ள போடு.

செக்காலை ஸ்டூடியோ | செவ்வாய் காலை 9:31

போட்டாச்சு அண்ணே. முக்கால் இஞ்சு.